பச்சைத் தலை ஊசி

கிட்ட வந்து உட்கார். இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார். வெளியே எட்டிப் பார்க்கிற வேலை வைத்துக்கொள்ளாதே, இந்தத் திருவிழாக் கூட்டத்தில் உனக்குப் பார்க்க ஒன்றும் இல்லை. உன்னிடம்தான் சொல்கிறேன், என் வயிற்றுத் தழும்புக்கு இடது பக்கம், பெல்ட்டுக்கு அடியில், எலுமிச்சம்பழம் அளவுக்கு முட்டிக்கொண்டு நிற்கிற உன்னிடம். டாக்டர் உனக்கு வைத்த பெயர் குடலிறக்கம். நர்ஸ் சுகிர்தா சொல்கிற பெயர் ஹெர்னியா. என் தம்பி பெண்டாட்டி ரெஜினா வைத்த பெயர் தீராத நேர்ச்சை. நான் ஒரு பெயரும் வைக்கவில்லை. கூப்பிடாமல் வந்த விருந்தாளிக்குப் பெயர் வைத்தால் அது வீட்டோடு தங்கிவிடும். படுத்தால் உள்ளே போகிறாய், எழுந்தால் வருகிறாய், இருமினால் ஓடியே வருகிறாய், என் வீட்டுக்காரர் சந்தியாகு உயிரோடு இருந்தபோது குழம்பு வாசனைக்கு வருவாரே அந்த மாதிரி. இருக்கட்டும். திருவிழா முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் நீயும் நானும் சண்டை இல்லாமல் இருக்க வேண்டும். அதிலும் இந்தச் சாயங்காலம் மட்டும் நீ அசையக் கூடாது. நான் அசைய முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என் நாற்காலிக்கு அடியில் ஒரு ஊசி கிடக்கிறது.

முதலில் சிப்பி என்றுதான் நினைத்தேன். வெயில் சாய்கிற நேரத்தில் செபஸ்தியார் கோயில் மணலில் எல்லாமே மினுங்கும், சிப்பி, ஜிகினாத்தாள், மிட்டாய் உறை. ரெஜினா இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வடக்குச் சுவர் ஓரம் போட்டு, "இங்கயே இருங்க மைனி, நான் கடல்ல முங்கிட்டு வாரேன், வந்து ரெண்டு பேரும் சேந்து தொடங்குவோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போன பிறகு பார்க்கிறேன், கோயிலைச் சுற்றி விழுந்து விழுந்து கும்பிட்டுக்கொண்டே போகிற கும்பிடு சேவைத் தடத்துக்கு நடுவிலே, பச்சையாய் ஒரு பொட்டு. பச்சை நிறத்தில் சிப்பி ஏது? கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், பச்சைத் தலையும் அதிலிருந்து மயிர் போல ஒரு கம்பியும். கம்பி மேல் பார்த்து நிற்கிறது. குனிந்து எடுக்க முடியாது, குனிந்தால் நீ வந்துவிடுவாய். யாரையாவது கூப்பிட்டால் வெறுங்கையால் எடுப்பார்கள், அதற்குப் பேசாமல் மிதித்தே விடலாம். தொண்டை வரைக்கும் கூப்பிடத்தான் வந்தது. அப்போதுதான் அந்தப் பச்சை எனக்குப் புத்தியில் தைத்தது. எங்கள் தெருவில் சக்கரை வியாதிக்காரர்கள் நிறைய. எல்லோருக்கும் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஆரஞ்சு மூடி ஊசிதான், எனக்கும் அதுதான். பச்சைத் தலை வைத்த பேனா ஊசி ஒரே ஒருத்தனுக்கு. மஸ்கட்டிலிருந்து மகன் வாங்கி அனுப்புகிறான் என்று சட்டைப் பையில் பேனா மாதிரி குத்திக்கொண்டு திரிகிற என் தம்பி கஸ்பாருக்கு. இந்த வருஷம் திருவிழாக் கமிட்டித் தலைவர் கஸ்பார். இந்த வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீட்டுக் கொல்லை. ஆக, நான் ஒன்றும் சொல்லாமல் காலாலேயே நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தள்ளி, நாலு காலுக்கும் நடுவில் அதை வேலி போட்ட மாதிரி ஆக்கி, மேலே உட்கார்ந்துவிட்டேன். கோழி அடைகாக்கிற மாதிரி. இப்போது எழுந்திருக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. கெபித் தெரு ஆட்கள் எங்கள் தெருவோடு போட்ட போன வருஷத் தேர்த் தகராறை இன்னும் மெல்லுகிறார்கள். தலைவர் ஊசி கோயில் மண்ணில் கிடந்தது என்று ஒரு வாய் சொன்னால் போதும், கொடி இறங்குவதற்குள் மண்டை உடையும். ஒரு பக்கம் அவன் முகம், ஒரு பக்கம் ரெஜினாவின் தோல். ரெஜினா நனைந்த சேலையோடு இந்த மண்ணில்தானே குப்புற விழுந்து விழுந்து எழப் போகிறாள், அவள் மட்டுமா, எத்தனை பெண்கள். ஒன்று கண்ணில் பட்டது, படாதது எத்தனையோ.

மெதுவாக மூச்சு விடு. பெல்ட் இறுக்குகிறது, வேர்வையில் அரிக்கிறது. இந்தப் பெல்ட்டை முதல் தடவை கட்டிக்கொண்டு தெருவில் நடந்தபோது எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. என்னத்தத் தூக்குனிய? கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவள் சும்மா இருந்திருப்பாளா, மீன் கூடை தூக்கியிருப்பாள், ஐஸ் பெட்டி தூக்கியிருப்பாள், தண்ணிக் குடம் தூக்கியிருப்பாள். சத்தியமாய்ச் சொல்கிறேன், நீதான் சாட்சி, நான் ஒரு சொம்பு கூடத் தூக்கவில்லை. டாக்டர் தூக்காதே என்றார், ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் இருமல் வந்தது. இருமலைத் தூக்காதே என்று யார் சொல்ல முடியும்? அந்த மார்கழிப் பனியில் ஒவ்வொரு இருமலுக்கும் தையல் வாய் திறக்கிற மாதிரி இருந்தது, தலையணையை வயிற்றோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினேன், சுகிர்தா சொல்லிக் கொடுத்த மாதிரியே. இருந்தும் ஒரு நாள் குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டாய். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று. அமுக்கினேன், உள்ளே போனாய். விட்டேன், வந்தாய். அன்றைக்கு நான் அழவில்லை, எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, அதற்குப் பிறகு சிரித்ததில் நீ இன்னும் வந்தாய். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருப்பார், மீசை கூட சரியாய் இல்லை. தையல் போட்ட இடத்தில் சதை விட்டுக்கொடுத்துவிட்டது அம்மா, அந்த ஓட்டை வழியாகக் குடல் வருகிறது, அங்கே ஒரு வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். என்ன வலை என்றேன். பிளாஸ்டிக் வலை என்றார். கண்ணி எவ்வளவு பெரிது என்றேன். அவருக்குப் புரியவில்லை. நாப்பது வருஷம் வலைக்கு நடுவில் குடித்தனம் பண்ணினவளுக்கு வயிற்றுக்குள்ளும் வலைதான் என்று எழுதியிருக்கிறது. சக்கரை இறங்கட்டும், அப்போதுதான் காயம் ஆறும், பிறகு வைக்கலாம் என்றார். அதுவரைக்கும் இது மெத்தென்று இருந்தால் பயமில்லை, கல் மாதிரி இறுகி, அமுக்கினாலும் போகாமல், வலியும் வாந்தியும் வந்தால் எதையும் யோசிக்காமல் ஓடி வந்துவிட வேண்டும். அந்தக் கல் என்கிற வார்த்தை எனக்குள் கல்லாய்க் கிடக்கிறது. ராத்திரி புரண்டு படுத்தால் கை தானாகத் தேடிப் போகும். மெத்தென்று இருக்கிறாயா? இப்போதும் தொட்டுப் பார்க்கிறேன், சேலை மடிப்புக்குள் கை விட்டு. இருக்கிறாய். நல்ல பிள்ளை.

நேர்ச்சை, சாமிக்குச் சொன்ன வேண்டுதல், என்னுடையது இல்லை. அதுதான் வேடிக்கை. என்னை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போன பிறகு வெளியே வராந்தாவில் நின்ற ரெஜினா, ரத்தம் வேண்டும் என்று யாரோ ஓடுவதைப் பார்த்துப் பயந்து, செபஸ்தியாரே, எங்க மைனி உசுரோட வந்தா உம்ம கோயிலச் சுத்தி மூணு சுத்து கும்பிடு சேவை செய்ய வைக்கேன் என்று சொல்லிவிட்டாள். நானே செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. செய்ய வைக்கிறேன் என்று சொன்னாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. எனக்காக அன்றைக்கு அவள்தான் அழுதாள், என் மூத்திரப் பையை அவள்தான் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தாள், கூடப் பிறந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். பிறகு நீ வந்தாய். "பாத்தியளா மைனி, நேர்ச்சை நிக்கி, அதான் வயித்துல முட்டிக்கிட்டு நிக்கி" என்றாள். டாக்டர் குப்புறப் படுக்கவே கூடாது என்கிறாரே என்றேன். "டாக்டருக்கு செபஸ்தியாரத் தெரியுமா? மொதல்ல இத முடிச்சிட்டு அப்புறம் வலை வைங்க, இல்லாட்டி வலையையும் பொத்துக்கிட்டு வரும்." அவள் சொல்லும்போது நான் சிரித்தேன், ஆனால் ராத்திரி அந்த வார்த்தை திரும்பி வந்தது. வலையையும் பொத்துக்கொண்டு. சாமிக்குச் சொன்ன வார்த்தை. மேலே நிற்கிறாரே செபஸ்தியார், மரத்தில் கட்டப்பட்டு, நெஞ்சிலும் தொடையிலும் வயிற்றிலும் அம்பு குத்தி. எனக்கு ஊசி காலையில் ஒன்று சாயங்காலம் ஒன்று, அவருக்கு மொத்தமாய் ஒரே நாளில். ஒன்று எப்போதும் யோசிப்பேன். அம்புக்குச் சாகாமல் தப்பியவரைக் குணப்படுத்தினபோது அந்த அம்பையெல்லாம் பிடுங்கியிருப்பார்களே, பிடுங்கினதை எங்கே போட்டார்கள்? யார் காலில் குத்தியது? அதைச் சொல்ல ஒரு பிரசங்கமும் இல்லை.

எங்கள் ஊரில் எதையும் கடலில்தான் போடுவோம். செத்த நாயிலிருந்து பழைய மெத்தை வரைக்கும். கடல் வாங்கிக்கொள்ளும் என்பார்கள். வாங்கிக்கொள்ளும், வைத்துக்கொள்ளாது. அடுத்த ஓதம் ஏறும்போது எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகும். ஊசியும் அப்படித்தான். கரைவலை இழுக்கிறவர்களில் உள்ளங்கையில் குத்து வாங்கினவர்கள் எத்தனை பேர். சுகிர்தா எனக்கு முதல் நாள் ஊசி போடப் பழக்கும்போதே சொன்னாள், தழும்பு பக்கமும் வீக்கத்துப் பக்கமும் குத்தக் கூடாதும்மா, தொடையில் போட்டுக்கோங்க, போட்டு முடிச்ச ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீங்க, அப்பதான் கையில குத்தும், நேரா ஒரு கெட்டி டப்பாவுல போடுங்க, கழுத்து வரைக்கும் ரொப்பாதீங்க, முக்கால் ஆனதும் மூடி டேப் ஒட்டி என்கிட்ட தாங்க. துணி துவைக்கிற திரவம் வந்த நீலக் கேனைக் கழுவி வைத்துக்கொண்டேன். இதோ மடியில் பையில் இருக்கிறது, அரைவாசி நிறைந்து, இன்றைக்குத் திருவிழா மருத்துவக் கூடாரத்துக்கு அவள் வருவாள், காட்டிவிட்டுப் போகலாம் என்று எடுத்து வந்தேன். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். கஸ்பாரிடம் எத்தனை முறை சொன்னேன். "ஏ அக்கா, நீ ஊசிக்கெல்லாம் உண்டியல் வச்சிருக்க, நான் என்ன செய்ய" என்று சிரித்தான். கெட்டவன் இல்லை. சின்னதிலிருந்தே சாப்பிட்ட தட்டை யாராவது எடுப்பார்கள் என்று விட்டுவிட்டு எழுந்து போகிறவன், அவ்வளவுதான். சுவருக்கு மேலே வீசினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே தோன்றாது. அந்தப் பக்கத்தில்தான் அவன் பெண்டாட்டி விழுந்து கும்பிடப் போகிறாள்.

கோயில்பிள்ளை சூசை வருகிறான், கையில் தணல் சட்டியும் நீளமான இடுக்கியும். தூபத்துக்குக் கரி எடுத்துக்கொண்டு போகிறவன் என்னைக் கண்டதும் நிற்கிறான். "மதலேனம்மா, நாற்காலிய அந்தாண்ட போடுங்க, இது சேவைத் தடமில்லா? நடுவுல குத்த வச்சிருக்கிய." நான் எழுந்திருக்க முடியவில்லை என்றேன். "புடிச்சித் தூக்கட்டா?" தூக்கினால் குடல் உன் கையில வரும், வைத்துக்கொள்வாயா என்றேன். அவன் நாலடி பின்னால் போய்விட்டான். ஆண்பிள்ளைகளுக்குக் குடல் என்றாலே போதும். போகிறவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவனை இல்லை, அவன் கையில் ஆடுகிற இடுக்கியை. முழங்கை நீளத்துக்கு மேலே இருக்கிறது. அது என் கையில் இருந்தால் உட்கார்ந்தபடியே நாற்காலிக்குக் கீழே எட்டும். சரி, இதை எடுத்துவிடலாம். மற்றதை? சுவர் நெடுக மணலுக்குள் புதைந்ததை? பெருக்க நேரமில்லை, மணி அடிக்கப் போகிறார்கள். கண் அலைகிறது. சுவரில் நாளைக்கு மந்திரிக்கிறதற்காகக் கொண்டுவந்து சார்த்திய துடுப்புகள், மிதவைகள், ஒரு புதுக் கரைவலையின் மடி. மடி என்றால் வலையின் கடைசிப் பை, கொசுகூடப் போகாத சின்னக் கண்ணி, மீனெல்லாம் வந்து சேர்கிற இடம். அடியில் ஈயக் குண்டுகள். அதைப் பார்த்ததும் மனசு எங்கேயோ போகிறது. சந்தியாகு கரைவலை இழுத்த நாட்கள். சீக்காளி, பிள்ளை உண்டானவள், கை ஒடிந்தவன், யாராய் இருந்தாலும் வலை கரை ஏறும்போது கயிற்றில் கை வைத்தால் பங்கு உண்டு. இழுக்க வேண்டாம், பலம் காட்ட வேண்டாம், கை வைத்திருந்தால் போதும். அது எங்கள் கடற்கரைச் சட்டம். எங்கள் அம்மா செத்த வருஷம் நான் அப்படித்தான் சும்மா கயிற்றைத் தொட்டு நின்று மீன் வாங்கி வந்தேன், ஒருத்தன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செபஸ்தியாரும் இந்தக் கடற்கரைச் சாமிதானே. இந்தச் சட்டம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? இந்த இடத்தில் இருமல் வருகிறது பார், வராதே, பொறு, தலையணை இல்லை, பையை, கேனை, அய்யோ கேன் வேண்டாம், கையை, இரண்டு கையையும் வைத்து அமுக்குகிறேன். இருமிவிட்டேன். வந்துவிட்டாய். முழுசாய். வயிற்றுக்கு வெளியே துருத்திக்கொண்டு, சூடாய். கண்ணில் தண்ணீர். கல்லா? கல்லாகிவிட்டாயா? பின்னால் சாய்ந்து, காலைத் தளர விட்டு, விரலை விரித்து, பிள்ளையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி மெல்ல, மெல்ல. போகிறாய். கிளுக்கென்று உள்ளே போகிறாய். மெத்தென்று இருக்கிறாய். இல்லை, இந்த மண்ணில் குப்புற விழ மாட்டேன். எந்தச் சாமிக்காகவும் விழ மாட்டேன். வார்த்தையும் பொய்க்க விட மாட்டேன்.

மணி அடிக்கிறது. கடற்கரைப் பக்கமிருந்து பெண்கள் வருகிறார்கள், சேலை சொட்டச் சொட்ட, முன்னால் ரெஜினா, உதடு நீலம் பாரித்து. "என்ன மைனி, இன்னும் உக்காந்தே இருக்கிய? எந்திரிங்க." எழுந்திருக்கிறேன், முதலில் கஸ்பாரைக் கூப்பிடு என்கிறேன். "அவுக மைக் செட்டுக்காரன்கிட்ட சண்ட போட்டுக்கிட்டு நிக்காவ." சண்டையை அப்புறம் போடச் சொல், அக்கா கூப்பிடுகிறாள் என்று சொல். சூசை, நீயும் வா, இடுக்கியைத் தா. "தணல் எடுக்கணுமே." தருகிறேன், தா. கொடுத்துவிட்டுத் தணலை ஊதிக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறான். கஸ்பார் வருகிறான், வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அந்தப் பேனா, நெற்றியில் சந்தனம். "என்னக்கா, ஒடம்பு முடியலயா?" என்று பதறிக் கேட்கிறான். அந்தப் பதற்றம் உண்மையானது, அதுதான் எனக்குக் கஷ்டம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, என் முன்னால் வந்து நில், இன்னும் கிட்ட வா, உன் வேட்டி மறைக்கட்டும் என்கிறேன். நிற்கிறான், புரியாமல். நான் நேராய் உட்கார்ந்தபடியே கையை மட்டும் பக்கவாட்டில் தொங்கவிட்டு இடுக்கியை நாற்காலிக்குக் கீழே விடுகிறேன். மண்ணைக் கவ்வுகிறது, விடுகிறது, மறுபடி கவ்வுகிறது. மேலே கொண்டுவருகிறேன். பச்சைத் தலை. அவன் பார்க்கிறான். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது, பாதியில் நிற்கிறது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கேன் மூடியைத் திருகித் திறந்து உள்ளே போடுகிறேன். டக் என்று ஒரு சத்தம், எங்கள் மூன்று பேருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. மூன்றாவது ஆள் ரெஜினா. அவள் கேனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், தன் நனைந்த சேலையைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனவளை, அந்த மடியை எடுத்து வா என்று அனுப்பிவிட்டேன்.

"மடிய என்ன மைனி செய்ய?" ஈயக் குண்டுப் பக்கம் மண்ணில் படும்படி விரித்து, இந்தப் பக்கம் நாலு பேர் அந்தப் பக்கம் நாலு பேர் கோயிலைச் சுற்றி இழுங்கள், அது போன தடத்தில்தான் சேவைக்காரர்கள் விழ வேண்டும், மூலைக்கு மூலை நிறுத்தி மடியில் சிக்கின சில்லு, முள் எல்லாவற்றையும் இடுக்கியால் எடுங்கள், கையால் ஒருத்தரும் தொடாதீர்கள் என்கிறேன். கூட்டத்தில் யாரோ, "வலைய மந்திரிக்க முன்ன மண்ணுல இழுக்கலாமா?" கோயில் மண்ணைவிடப் பெரிய மந்திரமா என்றேன். இன்னொருத்தி, கெபித் தெருக்காரி, "அப்ப ஒங்க நேர்ச்ச?" என்று இழுக்கிறாள். ரெஜினாவும் அதைத்தான் கேட்கிறாள், வாயால் இல்லை, கண்ணால். வலையின் கயிற்றைக் காட்டினேன். கயித்துல கை வச்சவளுக்குப் பங்கு உண்டா இல்லையா, கடக்கரையில பொறந்தவ நீயே சொல்லு. அவள் யோசிக்கிறாள். செபஸ்தியாரை ஒரு தரம் நிமிர்ந்து பார்க்கிறாள், அந்த அம்பையெல்லாம் எண்ணுகிறவள் மாதிரி. "உண்டு" என்கிறாள், சின்னக் குரலில். அப்புறம் கொஞ்சம் உரக்க, கெபித் தெருக்காரிக்குக் கேட்க, "உண்டு. சீக்காளிக்கு முழுப் பங்கு." அவ்வளவுதான், இனி ஒருத்தரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கை வயிற்றில், ஒரு கை நாற்காலிக் கையில், பக்கவாட்டில் திரும்பி எழுந்திருக்கிறேன், சுகிர்தா சொன்ன மாதிரி. நீ வரவில்லை. நல்லது. கயிறு கைக்கு வருகிறது, புதுக் கயிறு, சொரசொரப்பு, உப்பு இன்னும் ஏறாத வாசனை. இழுக்க மாட்டேன், தொட்டுக்கொண்டு நடப்பேன், மூன்று சுற்றும். மேளக்காரன் தட்டுகிறான். கஸ்பார் இன்னும் அதே இடத்தில் நிற்கிறான், எங்கே நிற்பது என்று தெரியாதவன் மாதிரி. தலைவர் முன்னால் போக வேண்டும்டா, அதுதானே முறை என்று சொல்லி, நீலக் கேனை அவன் கையில் கொடுக்கிறேன். எடுக்கிறதையெல்லாம் இதில் போடுவார்கள், நீ பிடித்துக்கொள். இரண்டு கையாலும் வாங்குகிறான், சாமி சுரூபத்தை வாங்குகிற மாதிரி. திறந்திருக்கிற கேனை மண்ணில் வைக்க முடியாது, கக்கத்தில் இடுக்க முடியாது, வேறு ஒருத்தன் கையில் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போகவும் முடியாது. "மூடி எங்கக்கா?" என்கிறான். மூன்று சுற்றும் முடியட்டும் என்று சொல்லி, மூடியை என் இடுப்பில், பெல்ட்டுக்குள்ளே, உன் தலைக்கு மேலே பத்திரமாய்ச் செருகிக்கொள்கிறேன்.